நைல் வெள்ளமும் வரிப் பேரேடும்: இஸ்லாமிய அரசுகளின் கிறிஸ்தவ அதிகாரிகள்

கேள்வி இதுதான்: மத்திய கால இஸ்லாமிய அரசுகளின் நிதித்துறையில் கிறிஸ்தவர்கள் பெரிய பதவிகளில் இருந்தார்கள் என்கிறார்கள், முஸ்லிம் அல்லாதவரை அரசுப் பதவியில் வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப ஆணை வந்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே காலத்தில் நடக்க முடியும்? அவர்கள் பார்த்த வேலைதான் என்ன?

ஸ்பெயினின் கோர்தோபாவில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்காக ஜெர்மானிய மன்னர் முதலாம் ஓட்டோவிடம் தூது போன ரபீ இப்னு ஸைத் ஒரு கிறிஸ்தவர். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதை ஆண்ட புவைஹி அரசர் அதுதுத் தவ்லாவின் அமைச்சர் நஸ்ர் இப்னு ஹாரூனும் கிறிஸ்தவரே. இப்படி ஊருக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கும் இடம் எகிப்து. ஆவணங்கள் அங்கேதான் அதிகம்; தொடர்ச்சியும் அங்கேதான் நீளம். அதனால் எகிப்தையே எடுத்துக்கொள்கிறேன், நடுவில் டமாஸ்கஸுக்கு ஒரு முறை போய்வருவோம்.

எகிப்தை அரபுப் படைகள் கைப்பற்றியது 639 முதல் 642 வரை. அடுத்த ஆண்டே எழுதப்பட்ட ஒரு பப்பைரஸ் பற்றுச்சீட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. தேதி 643 ஏப்ரல் 25, ஹிஜ்ரி 22. ஹெராக்ளியோபோலிஸ் வட்டாரத்தில் முகாமிட்ட தளபதி அப்துல்லாஹ் இப்னு ஜாபிர், தன் வீரர்களுக்காக 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதிக் கொடுக்கிறார். ஆடுகளைக் கொடுத்தவர்கள் அந்த வட்டாரத்தின் நிர்வாகிகளான கிறிஸ்டோஃபோரஸும் தியோடோராகியோஸும். கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான், தேவாலயத்தில் திருத்தொண்டர். கீழே அதே செய்தியை இப்னு ஹதீத் அரபியில் எழுதியிருக்கிறார். மேலே இருந்த அரசு மாறிவிட்டது. வட்டார அலுவலகமும் ஆட்களும் படிவமும் அப்படியே இருக்கின்றன. வென்றவர்களிடம் படை இருந்தது. எந்த ஊரில் எத்தனை குடி, எவ்வளவு நிலம், போன ஆண்டு எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரம் கணக்கரிடம் இருந்தது. ஆடுகளைச் சும்மா ஓட்டிக்கொண்டு போகாமல் ரசீது எழுதிக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு: அந்த 65 ஆடும் அந்த வட்டாரத்தின் வரியில் கழிக்கப்பட வேண்டும்.

டமாஸ்கஸிலும் நிலைமை இதுவே. கலீஃபா முஆவியா காலத்திலிருந்து கலீஃபா அப்துல் மலிக் காலம் வரை நிதி திவானை, அதாவது வரிக்கணக்கு அலுவலகத்தை, நடத்தியவர் சர்ஜூன் இப்னு மன்சூர் என்ற கிறிஸ்தவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற டமாஸ்கஸ் யோவான் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். திவானின் மொழி அப்போது கிரேக்கம். அதை அப்துல் மலிக் ஹிஜ்ரி 81-ல், அதாவது 700-ல், அரபிக்கு மாற்றினார். ஒரு கிரேக்க எழுத்தர் மைக்கூட்டில் சிறுநீர் கழித்துவிட்டதால் கலீஃபாவுக்கு வந்த கோபம்தான் காரணம் என்று வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதிவைத்திருக்கிறார். கதை சுவையானது, ஆனால் அதே சமயத்தில்தான் அப்துல் மலிக் நாணயத்திலிருந்து உருவங்களை நீக்கி, அரபி எழுத்து மட்டுமே கொண்ட 4.25 கிராம் தீனாரை வெளியிட்டார். மொழி மாற்றமும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி என்றே நான் பார்க்கிறேன். எகிப்தின் திவான் 705-706 வாக்கில் அரபிக்கு மாறியது.

இதோடு கிறிஸ்தவக் கணக்கர்களின் காலம் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஆணைக்குப் பிறகும் எட்டாம் நூற்றாண்டில் நெடுங்காலம் எகிப்தில் கிரேக்கத்திலும், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான காப்டிக்கிலும் வரி ஆவணங்கள் எழுதப்பட்டன. 709 முதல் 714 வரை ஆளுநராக இருந்த குர்ரா இப்னு ஷரீக், அஃப்ரோதிதோ வட்டாரத்தின் நிர்வாகி பசிலியோஸுக்கு அனுப்பிய கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கின்றன. பணம் ஏன் தாமதம், கப்பலுக்கு மாலுமிகள் எங்கே, டமாஸ்கஸ் பள்ளிவாசல் கட்டட வேலைக்கு ஆள் எங்கே என்று ஒரே நெருக்கடி. அந்தக் கடிதங்கள் அரபியிலும் இருக்கின்றன, கிரேக்கத்திலும் இருக்கின்றன. அடுத்த சில தலைமுறைகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அரபி எழுதக் கற்றுக்கொண்டன. வேலை கைவிட்டுப் போகவில்லை. மொழி மாறியபோதும் பழைய எண்களை மட்டும் அவர்கள் விடவில்லை. கிரேக்க-காப்டிக் எழுத்துகளிலிருந்து பிறந்த ஒன்று முதல் ஒன்பது, பத்து முதல் தொண்ணூறு, நூறு முதல் தொள்ளாயிரம் என 27 குறிகள் கொண்ட ‘ஸிமாம்’ எண்களில்தான் எகிப்தியக் கணக்கு பல நூற்றாண்டுகள் ஓடியது. கெய்ரோ யூத வணிகர்களின் தாள்களிலும் இந்த எண்களே வருகின்றன.

இனி வேலைக்கு வருகிறேன். இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

எகிப்தில் நிலவரியை ஒரு முறை நிர்ணயித்துவிட்டு ஆண்டுதோறும் அதையே வசூலிக்க முடியாது. நைல் வெள்ளம் ஜூனில் ஏறத் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம் தொடும். கெய்ரோவை ஒட்டிய ரவ்தா தீவின் அளவுத் தூணில் தண்ணீர் 16 முழம் தொட்டால் முழு வரி கேட்கலாம் என்பது மரபு. குறைந்தால் மேட்டு நிலம் நனையாது. அப்படி வறண்டு கிடக்கும் நிலத்துக்கு ‘ஷராகி’ என்று பெயர், வரி இல்லை. மிகுந்தால் பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் விதைப்புக் காலம் தவறிவிடும். ஆக, வரி கட்டும் நிலத்தின் பரப்பே ஒவ்வோர் ஆண்டும் வேறு. எகிப்தின் திவான் ஆண்டுதோறும் புதிதாக அளக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

தண்ணீர் வடிந்ததும் அந்த ஊர் நிலத்தை நன்கு அறிந்த ‘தலீல்’ என்ற வழிகாட்டி முதலில் போவார். எந்த வயலில் தண்ணீர் நின்றது, எது நனையவில்லை, போன ஆண்டு எதில் என்ன பயிர் என்று வகைப்படுத்தி ‘குந்தாக்’ என்ற ஏடு தயாராகும். வகைப்பாடு நுட்பமானது. தீவனப்புல்லோ அவரை இனமோ போட்ட நிலம் ‘பாக்’; அடுத்த கோதுமைக்கு அதுதான் முதல் தரம். கோதுமை எடுத்த நிலம் சத்து இழந்தது, ஒரு படி கீழே. களை மண்டியது, உவர் ஏறியது, நீர் தேங்கியது என்று பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறகு எந்தக் குடியானவர் எவ்வளவு நிலத்தில் என்ன விதைக்கப் போகிறார் என்ற பதிவு. விதை இல்லாதவருக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து விதைக்கடன். அறுவடையில் திருப்பித் தர வேண்டும். பயிர் தலைகாட்டிய பின் நில அளவர், எழுத்தர், சாட்சி என்று ஒரு குழு வயலுக்கே போய் அளக்கும். அளவுகோல் ‘கசபா’, சுமார் 3.85 மீட்டர். 400 சதுரக் கசபா ஒரு ஃபத்தான். சுல்தான் சலாஹுத்தீன் காலத்தில் கோதுமை நிலத்துக்கு ஃபத்தானுக்கு மூன்று அர்தப் (எகிப்தியத் தானிய அளவு) தானியம் என்றிருந்த வரி, ஹிஜ்ரி 572 அளவைக்குப் பிறகு இரண்டரை அர்தப் ஆனது.

விதைப்புப் பதிவையும் பயிர் அளவையையும் ஒப்பிட்டு, குடியானவர் பெயர்வாரியாக இறுதிப் பட்டியல் எழுதப்படும். அதன்படி வசூல். பணம் ‘ஜஹ்பத்’ என்ற காசாளரிடம் வரும். நாணயத்தைச் சோதித்து, எடை போட்டு, ரசீது தருவது அவர் பொறுப்பு. தினக்கணக்கு, அதிலிருந்து மாதக்கணக்கு, அதிலிருந்து ஆண்டுக்கணக்கு. எல்லாவற்றையும் சரிபார்ப்பவர் ‘முஸ்தவ்ஃபி’. அவருக்கு மேலே கண்காணிப்பாளரான ‘நாஸிர்’. வசூலிக்கக் கெடுபிடி தேவைப்பட்டால் அதற்குத் தனியாக ஒரு படை அதிகாரி, ‘முஷித்’. முஷித் பெரும்பாலும் துருக்கிய வீரர். காசாளர், எழுத்தர், முஸ்தவ்ஃபி என்ற நடுப்படிகளில்தான் காப்டிக் கிறிஸ்தவர்கள் நிறைந்திருந்தார்கள்.

எங்கே கோணலாகும் என்றால், முதல் ஏட்டிலேயே. நல்ல நிலத்தை ஷராகி என்று எழுதிவிட்டால் அதன் பிறகு வரும் எல்லாக் கணக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கெய்ரோவில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது பாக்கி. வசூலான தொகையைப் பாக்கி என்று காட்டி அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். குடியானவர் ஊரைவிட்டு ஓடியிருக்க, வராத பாக்கியை வரும் என்று காட்டி ஆண்டு வருமானத்தைப் பெருக்கியும் எழுதலாம். முதலாவது அரசை ஏய்ப்பது, இரண்டாவது மேலதிகாரியைக் குளிர்விப்பது. இரண்டும் கடைசியில் குடியானவன் தலையில்தான் விடியும்.

இதற்கு மேல் நாள்காட்டிச் சிக்கல். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து 354 நாள். அறுவடை சூரியனை வைத்து நடப்பது. காப்டிக் ஆண்டு முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாள். ‘தூத்’ மாதத்தில் தொடக்கம். நிலவரி இந்த ஆண்டைத்தான் பின்பற்றியது. முஸ்லிம் அல்லாதோரின் தலைவரியான ஜிஸ்யாவும் கடை வாடகைகளும் ஹிஜ்ரி மாதக் கணக்கில் வந்தன. 33 ஹிஜ்ரி ஆண்டுகளில் 32 அறுவடைகள்தான். அதனால் ஒரே வரியாண்டுக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கும் பெயர் விலகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வரியாண்டின் எண்ணில் ஒன்றைத் தாண்டி எழுதச் சொல்லி அரசாணை போட வேண்டிவரும். அதைப் போட மறந்தால், ஹிஜ்ரி கணக்கில் சம்பளம் கேட்கும் படைவீரனுக்கு இல்லாத ஓர் அறுவடையிலிருந்து பணம் தேட வேண்டும். எந்த மாதத்தில் எந்தத் தவணை, எந்தப் பயிர், எந்த நீர்மட்டம் என்பதெல்லாம் காப்டிக் மாதப் பெயர்களோடு பின்னிக்கிடந்தது. முஸ்லிம் எழுத்தர்களும் அதையே கற்றார்கள்.

இந்தக் கல்விக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மகன் தந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றான். இப்னு மம்மாத்தி குடும்பத்தைப் பாருங்கள். அஸ்யூத்தைச் சேர்ந்த காப்டிக் குடும்பம். தாத்தா, ஃபாத்திமி அமைச்சர் பத்ருல் ஜமாலி காலத்து அதிகாரி. தந்தை முஹத்தப், 1169-ல் தளபதி ஷிர்கூஹ் எகிப்தின் அதிகாரத்தைப் பிடித்துக் கிறிஸ்தவர்கள் மீது கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தபோது பிள்ளைகளோடு இஸ்லாத்துக்கு மாறி, பதவியைக் காத்துக்கொண்டார். மகன் அஸ்அத் படைத்துறை திவானுக்குத் தலைவரானார். அவர் எழுதிய ‘கவானீனுத் தவாவீன்’ என்ற திவான் விதிநூல்தான் மேலே சொன்ன நில வகைகளுக்கும் வரி வீதங்களுக்கும் நமக்குள்ள முதன்மைச் சான்று. எகிப்தின் ஊர்ப் பட்டியலும் மாதவாரி விவசாய அட்டவணையும் அதில் இருக்கின்றன. பின்னாளில் அமைச்சர் இப்னு ஷுக்ரின் பகையால் அவர் அலெப்போவுக்குத் தப்பியோடி 1209-ல் அங்கேயே இறந்தார். மூன்று தலைமுறை அறிவு ஒரு நூலாக மிஞ்சியது நம் அதிர்ஷ்டம். அநேகக் குடும்பங்களின் அறிவு ஏட்டோடு போய்விட்டது.

திறமை மட்டுமே காரணம் என்றால் நடுப்படிகளோடு நின்றிருப்பார்கள். உச்சிக்கு ஏறியதற்கு இன்னொரு காரணம் உண்டு: அவர்களுக்குப் படை இல்லை, குலம் இல்லை, அரியணைக்கு உரிமை கோரவும் வழியில்லை. அமைச்சராக ஒரு துருக்கியத் தளபதியை வைத்தால் அவர் நாளைக்கு ஆட்சியைப் பிடிக்கலாம். கிறிஸ்தவரை வைத்தால் அவர் உயிர் முழுக்க அரசன் கையில். வேண்டாதபோது தள்ளிவிடலாம், சொத்தைப் பறிமுதல் செய்யலாம், அதற்கு மக்களின் கைதட்டலும் கிடைக்கும். ஆட்சியாளருக்கு இது வசதியாக இருந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு இது கொடுமை. இதை ‘சகிப்புத்தன்மையின் பொற்காலம்’ என்று பாடுவோரும் ‘அந்நியர் ஊடுருவல்’ என்று திட்டுவோரும் இந்த ஓர் அம்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

பத்தாம் நூற்றாண்டு முதல் எகிப்தை ஆண்ட ஃபாத்திமி கலீஃபாக்கள் காலத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அல்-அஸீஸ் தன் கடைசி ஆண்டுகளில் ஈசா இப்னு நஸ்தூரஸ் என்ற கிறிஸ்தவரை ஆட்சிப் பொறுப்பில் வைத்தார்; சிரியா மனஷ்ஷே என்ற யூதரிடம். கெய்ரோ மக்கள் ஓர் உருவப்பொம்மை செய்து, அதன் கையில் மனுவைச் செருகி, கலீஃபா வரும் வழியில் நிறுத்தினார்கள். ‘மனஷ்ஷேயால் யூதரையும் ஈசாவால் கிறிஸ்தவரையும் உயர்த்தி, உங்களால் முஸ்லிம்களைத் தாழ்த்தியவன் பெயரால் கேட்கிறேன்’ என்ற பொருளில் மனு. இருவரும் கைதானார்கள். ஈசா பெருந்தொகை கட்டி மீண்டும் பதவிக்கு வந்தார். அடுத்த கலீஃபா அல்-ஹாகிம் காலத்தில் கொல்லப்பட்டார். ஃபஹ்து இப்னு இப்ராஹீம் என்ற கிறிஸ்தவரும் அதே ஹாகிமிடம் பணிபுரிந்து 1003-ல் கொல்லப்பட்டார். 1009-ல் எருசலேமின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடிக்க ஹாகிம் ஆணையிட்டபோது நிர்வாகத் தலைவராக இருந்தவர் மன்சூர் இப்னு அப்தூன், கிறிஸ்தவர். ஆணையில் கையெழுத்து அவருடையது என்று பதிவாகியிருக்கிறது. சொந்த மதத்தின் தலையாய ஆலயத்தை இடிக்கும் தாளில் கையெழுத்திட வேண்டிய பதவி அது. அவரும் பிழைக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, 1011-ல் ஹாகிம் அதே பொறுப்பில் அமர்த்தியது ஈசா இப்னு நஸ்தூரஸின் மகன் ஸுர்ஆவை.

விலக்கும் ஆணைகளுக்கு வருவோம். கலீஃபா இரண்டாம் உமர் (717-720) விலக்கச் சொன்னார். கலீஃபா அல்-முதவக்கில் 850-ல் முஸ்லிம் அல்லாதோரைத் தேன்நிற மேலாடை அணியச் சொன்னதோடு அரசு அலுவலகங்களிலிருந்தும் நீக்கச் சொன்னார். நைல் அளவுத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்தவர்களை விலக்கி அபுர் ரத்தாத் என்ற முஸ்லிமை அமர்த்தியது அவர் காலத்தில்தான். அந்தப் பணி பல நூற்றாண்டுகள் அவர் குடும்பத்திலேயே இருந்தது. ஒரு தூணில் நீர்மட்டம் பார்ப்பதை ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான ஊர்களின் ஏடுகளை அப்படி மாற்ற முடியாது. பெரும்பாலும் வெள்ளம் வடிந்து அளவை தொடங்கும்போது விலக்கப்பட்டவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பு எழுதியவர்களையும் வெறும் மதவெறியர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐயூபி சுல்தான் அஸ்-ஸாலிஹ் அனுப்பி 1245 வாக்கில் ஃபய்யூம் வட்டாரத்தை ஊர் ஊராக ஆய்வு செய்த உஸ்மான் அந்-நாபுலுஸி, காப்டிக் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடி ஒரு நூலும் எழுதினார். அவரே திவானில் வேலை பார்த்து, பதவி இழந்தவர். வேலைக்கான போட்டி அவர் எழுத்தில் தெரிகிறது. ஆனால் ஃபய்யூம் பற்றிய அவருடைய அறிக்கை, மத்திய கால உலகத்தின் எந்தக் கிராமப் பகுதிக்கும் கிடைக்காத அளவுக்கு நுணுக்கமானது. கணக்கு தெரிந்தவரின் கோபம் அது.

ஐயூபிகளுக்குப் பின் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்தில் பிடி இறுகியது. 1293-ல் ஐனுல் கஸால் என்ற அமீரின் (படைத் தலைவரின்) கிறிஸ்தவ எழுத்தர், களஞ்சியக் கடன் பாக்கி வைத்த தரகர் ஒருவரைக் கட்டி இழுத்துப் போனார். இப்னு தூலூன் பள்ளிவாசல் பக்கம் கூட்டம் கூடிக் கலவரமானது. சுல்தான் கலீல் எழுத்தர்களை எரிக்கச் சொல்ல, அமீர் பைதரா குறுக்கிட்டு, மதம் மாறினால் உயிரோடு பதவியும் உண்டு என்று முடித்துவைத்தார். 1301-ல் கிறிஸ்தவர்கள் நீலத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணை. 1315-ல் சுல்தான் நாசிர் முஹம்மத் எகிப்து முழுவதையும் மறு அளவை செய்து, நாட்டின் 24 பங்கில் 4 ஆக இருந்த தன் பங்கை 10 ஆக்கிக்கொண்டார். அந்தப் பேரேடுகளை எழுதியவர்களில் காப்டிக் கணக்கர்கள் முக்கியமானவர்கள். அதே சீர்திருத்தம் கிறிஸ்தவக் குடியானவர்கள் கட்டிய ஜிஸ்யாவை மையக் கருவூலத்திலிருந்து எடுத்து அந்தந்த ஊரின் மானியதாரருக்கு, அதாவது அந்த ஊர் வருவாயைச் சம்பளமாகப் பெற்ற படை அதிகாரிக்கு, கொடுத்தது. விளைவை வரலாற்றாசிரியர் மக்ரீஸி சொல்கிறார்: குடிகள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நகர்ந்து வரியைத் தட்டிக்கழித்தார்கள், வசூல் சரிந்தது.

மதம் மாறினாலும் சந்தேகம் ஓயவில்லை. சுல்தானின் தனிக் கருவூலத்தை நடத்திய கரீமுத்தீன், காப்டிக் குடும்பத்திலிருந்து மாறியவர். 1321-ல் கூட்டம் அவர் மீது கல்லெறிந்தது, 1323-ல் வீழ்ந்தார். பின்னர் அதே இடத்துக்கு வந்த அந்-நஷ்வ், புதுப்புது வரிகளால் சுல்தானுக்குப் பணம் குவித்துக் கொடுத்து, ஊரெல்லாம் வெறுப்பைச் சம்பாதித்து, 1339-ல் சித்திரவதையில் இறந்தார். 1354-ல் வந்த ஆணைதான் எல்லாவற்றிலும் கனமானது. தேவாலயங்களுக்கு அறக்கொடையாக இருந்த சுமார் 25,000 ஃபத்தான் நிலம் பறிக்கப்பட்டது. மதம் மாறியவருக்கும் திவானில் இடமில்லை என்றார்கள். திருச்சபையின் பொருளாதார முதுகெலும்பை உடைத்தது இந்த நிலப்பறிப்பு. அதன் பிறகு மேல் எகிப்தில் மதமாற்றம் பெருவேகம் எடுத்தது.

ஆனால் கணக்கர் குடும்பங்கள், மாறியவையும் மாறாதவையும், ஏடுகளை விடவில்லை. உஸ்மானியர் வந்த பிறகும் ஊர் வரிக்கணக்கு காப்டிக் எழுத்தர்களிடம்தான் இருந்தது. 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்ததும், நாட்டின் வரியை வசூலிக்க அவர் தேடிப் பிடித்து அமர்த்தியவர், அதுவரை ‘பெய்’ பட்டம் கொண்ட மம்லூக் தலைவர்களின் தலைமைக் கணக்கராக இருந்த ஜிர்ஜிஸ் அல்-ஜவ்ஹரி என்ற காப்டிக் கிறிஸ்தவர்.